இருபத்திரண்டாம் கோடு

கப்பலில் அவருக்கு 'ஆழம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பணிப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. "ஆழம் சாப்பிட்டாச்சா?", "ஆழத்தைக் கூப்பிடு", "ஆழத்துக்குக் காய்ச்சலாம்" என்றே பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அது கடற்படையின் ஆய்வுக் கப்பல். பீரங்கி கிடையாது. கடல் எங்கே எவ்வளவு ஆழம், நீரோட்டம் எந்தப் பக்கம், அடியில் சேறா மணலா பாறையா என்று பார்த்து எழுதுவதுதான் அதற்கு வேலை. ஆழம் அளக்கும் கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் இவர்.

கப்பலுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. வாத்து. அகலமான அடி, குட்டை மூக்கு, சின்ன அலைக்கே இடுப்பை ஆட்டும். துறைமுகத்தில் பக்கத்தில் வந்து கட்டும் போர்க்கப்பல்காரர்கள், "என்னப்பா, இன்னிக்கு எத்தனை முட்டை?" என்று கேட்பார்கள். வாத்துக்காரர்கள் சளைத்தவர்கள் இல்லை. "நாங்க அளந்து குடுக்கலேன்னா நீங்க குளத்துலகூட தரைதட்டுவீங்க" என்று திருப்பிக் கொடுப்பார்கள். அது கேலியாக இருந்தாலும் உண்மை. வாத்து அளந்து கொடுத்த எண்கள்தான் வரைபடத்தில் ஏறும். அந்த வரைபடத்தை நம்பித்தான் மற்ற கப்பல்கள் போகும்.

முப்பத்தோரு வருடம் ஓடிய பிறகு வாத்துக்கு ஓய்வு கொடுக்க முடிவாயிற்று. அப்போது ஆழத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. கப்பலை விட்டு இறங்கி எட்டு வருடமாகக் கரையில், வரைபட அலுவலகத்தின் ஆவண அறையில் வேலை. அவருடைய மேலதிகாரி, நடுவயதுப் பெண், ஒரு நாள் அவர் மேசைக்கே வந்தார்.

"ஓய்வு விழாவுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடறோம். கப்பலோட பணி வரலாறு. நாப்பது பக்கம் போதும். உங்களை விட்டா யாருக்கு அதைப் பத்தித் தெரியும்?"

"நான் எழுத்தாளன் இல்லையே, மேடம்."

"நடந்ததை நடந்தபடி எழுதுங்க. வேற என்ன வேணும்?"

அவர் சரி என்று தலையாட்டினார். ஆனால் அவர் போன பிறகு 'நடந்தபடி' என்ற அந்தச் சொல்லை ஒரு தாளில் எழுதி, அடித்துவிட்டார்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில்தான் எழுதினார். மனைவி அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். முப்பது வருடமாக மற்றவர்களின் பிழையைப் பார்த்துப் பார்த்து, பால்காரர் எழுதி வைக்கும் துண்டுச் சீட்டில்கூடச் சிவப்பு மை போடுகிற பழக்கம் வந்துவிட்டிருந்தது. கணவர் எழுத எழுத அவர் வாங்கிப் படித்தார்.

எழுத்து நன்றாகவே வந்தது. கப்பல் ஓடத் தொடங்கிய நான்காம் வருடம் இவர் அதில் சேர்ந்தது. ஆறாம் வருடம் புயலில் கவிழ்ந்த படகிலிருந்து ஒன்பது மீனவர்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தது. ஏழாம் வருடம் கடலடியில் இறக்கிய நீரோட்டமானி காணாமல் போய், அதை வெடிகுண்டு என்று நினைத்த மீனவர்கள் காவல் நிலைய வாசலில் வைத்துவிட்டு ஓடியது. பன்னிரண்டாம் வருடம் இயந்திரம் நின்று நான்கு நாள் மிதந்தபோது, சமையல்காரரிடம் மிச்சமிருந்தது பூசணிக்காய் மட்டும். காலை, மதியம், இரவு எல்லா வேளையும் பூசணி. கரைக்கு வந்த பிறகு ஒருவர் காய்கறிக் கடையில் பூசணியைப் பார்த்துவிட்டுத் தெருவையே மாற்றிக்கொண்டாராம். மனைவி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவருடைய சிவப்புப் பேனா ஓரிடத்தில் நின்றது.

"ஏங்க, பூசணிக்காய்க்கு ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க. பதினாறாம் வருஷம் கடலுக்கடியில புதுப் பாறை கண்டுபிடிச்சு, கப்பலுக்கே பாராட்டுக் கேடயம் குடுத்தாங்க. உங்களுக்குத் தனியா சான்றிதழ் வேற. அதுக்கு மூணே வரியா?"

"இடம் போதலை."

"ஒன்பதாம் வருஷத்துக்கு ரெண்டு வரி. அந்த வருஷம் முக்கால்வாசி நாள் நீங்க கடல்லதான இருந்தீங்க? வீட்டுல இருந்ததே கொஞ்ச நாள்தானே."

மனைவி பேனாவை மூடி வைத்தார். எழுத்துப் பிழையை அவர் மன்னிப்பார். விடுபட்டதை மன்னிக்க மாட்டார். அது தொழில் குணம்.

"என்னது அது?" என்றார்.

இருபத்திரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை ஆழம் அன்றைக்குச் சொன்னார்.

ஒன்பதாம் வருடம் வாத்து தெற்கு வழித்தடத்தை அளந்துகொண்டிருந்தது. ஏர் உழுவதுபோல, ஒரு கோடு போய், திரும்பி, பக்கத்தில் அடுத்த கோடு. இருபத்திரண்டாவது கோடு ஓடிக்கொண்டிருந்தது. கருவியில் காகிதச் சுருள் மெல்ல நகரும். ஊசி ஒன்று அதில் கடலடியைக் கறுப்புக் கோடாகச் சுட்டுக்கொண்டே போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த ஆழத்தைப் படித்துத் தாளில் எழுத வேண்டும். முகப்பில் சின்னதாக ஒரு வட்டத் தட்டும் இருந்தது. காகிதம் இல்லாவிட்டாலும் அதில் விளக்குப் புள்ளி மின்னி ஆழத்தைக் காட்டும்.

மதியம் இரண்டே கால். அன்றைக்குக் கால்பந்து இறுதியாட்டம். சமையலறை வானொலியில் மட்டும்தான் அலை எடுத்தது. "ஆழம், பெனால்ட்டி!" என்று சமையல்காரர் படிக்கட்டிலிருந்து கத்தினார். கடலடி மணிக்கணக்காகத் தட்டையாக இருந்தது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு மீட்டர். இரண்டு நிமிடத்தில் வந்துவிடலாம் என்று எழுந்து போனார்.

திரும்பி வந்தபோது காகிதம் சிக்கிச் சுருண்டு கிடந்தது. ஊசி ஒரே இடத்தைச் சுட்டுச் சுட்டு ஓட்டை போட்டிருந்தது. அறை முழுக்கக் கருகல் வாடை. கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. அந்த நேரத்தில் கப்பல் நான்கு மைல் கடந்திருந்தது.

செய்ய வேண்டியது என்ன என்பது அவருக்குத் தெரியும். அந்த நேரத்துக்குப் பொறுப்பான அதிகாரியிடம் சொன்னால் கப்பலைத் திருப்பி அந்தக் கோட்டை மறுபடி ஓட்டுவார்கள். இருக்கையை விட்டுப் போனதற்குத் தண்டனை. அதைவிட, அன்று மாலை கப்பல் கரை திரும்ப வேண்டும். நாற்பது பேரும் ஆறு வாரத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போகக் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு நின்றார்கள். துறைமுகத்துக்குள் நுழையும் நேரம் தவறினால், இவரால் எல்லோருக்கும் ஒரு நாள் போகும்.

காகிதத்தைச் சரிசெய்தார். தாளை எடுத்தார். பக்கத்துக் கோட்டின் எண்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினார். 41, 42, 42, 43, 42. ஓரத்தில், 'காகிதம் சிக்கியது. ஆழம் வட்டத் தட்டைப் பார்த்துக் குறிக்கப்பட்டது.' அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த வருடம் வரைபடம் வெளியானது.

"அவ்வளவுதானா?" என்றார் மனைவி. முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூடத் தெரிந்தது.

"இல்ல."

பதினான்காம் வருடம், சிமெண்ட் ஏற்றிய ஒரு சரக்குக் கப்பல் அந்த வழியில் பட்டப்பகலில் எதிலோ இடித்து, முக்கால் மணி நேரத்தில் மூழ்கியது. பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் மிதவையில் ஏறித் தப்பினார்கள். இயந்திர அறை உதவியாளர் மேலே வரவே இல்லை. செய்தித்தாளில் இடம் போட்டிருந்தது. அட்சரேகை, தீர்க்கரேகை. அதைப் படித்த நொடியே ஆழத்துக்குத் தெரிந்துவிட்டது. வரைபடத்தை எடுத்துப் பார்க்கக்கூட அவருக்குத் தேவைப்படவில்லை.

விசாரணையில் அந்தக் கப்பலின் கேப்டன், தன் வழியை விட்டு இம்மியும் விலகவில்லை என்று சாதித்தார். ஆனால் அவருடைய பதிவேடு கப்பலோடு போய்விட்டது. வரைபடமோ அந்த இடத்தில் நாற்பத்திரண்டு மீட்டர் என்கிறது. அப்படியானால் மேற்கே இரண்டு மைல் தள்ளி இருக்கிற பழைய பாறைத்திட்டில்தான் இடித்திருக்க வேண்டும், பிறகு நீரோட்டம் கப்பலைக் கிழக்கே இழுத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். முடிவு கட்டுவதற்கு முன்னால், அளவை சரிதானா என்று வாத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அப்போதைய அதிகாரி, அளந்தவரையே கூப்பிட்டுக் கேட்டார்.

"இருபத்திரண்டாம் கோடு உங்க கையெழுத்துதானே? சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு, சார்."

மூன்று சொல். கேப்டனின் உரிமத்தைப் பறித்துவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து, வலை சிக்குகிறது என்று மீனவர்கள் முறையிட்டதால், புதிய கருவியோடு வாத்து மறுபடி அங்கே போனது. கருவியின் முன்னால் இவரேதான் இருந்தார். திரையில் கடலடியிலிருந்து ஒரு பாறை ஊசிபோல எழுந்து நின்றது. கப்பலில் ஒரே ஆரவாரம். கேடயம், சான்றிதழ், புகைப்படம். பழைய வழக்கை யாரும் தோண்டவில்லை; அது முடிந்த கதை. இனிமேல் எந்தக் கப்பலும் அங்கே இடிக்காது, அது போதும் என்று ஆழம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் எங்காவது சிமெண்ட் மூட்டையைப் பார்த்தால் சோறு இறங்காது.

அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"அந்தக் கேப்டன் இப்ப உயிரோட இருக்காரா?" என்று கடைசியில் மனைவி கேட்டார்.

"தெரியலை."

"அதைக்கூடத் தெரிஞ்சுக்கலையா நீங்க?"

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. அவர் தலை குனிந்தார். தெரிந்துகொண்டால் போய் நிற்க வேண்டியிருக்குமே என்றுதான் இத்தனை வருடம் விசாரிக்காமல் இருந்தார். அது இருவருக்குமே புரிந்தது.

மாலுமிகள் சங்கத்தில் கேட்டு ஒரு வாரத்தில் முகவரி கிடைத்தது. கேப்டன் துறைமுகச் சாலையில், கயிறும் உயிர்காப்பு அங்கியும் விற்கிற கடை ஒன்றில் கணக்கப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சரக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று வயது. நரைத்த புருவம், சுத்தமாக மழித்த முகம். ஆழத்தை வாடிக்கையாளர் என்று நினைத்து, "உங்களுக்கு என்ன அளவு வேணும்?" என்று கேட்டார்.

"நான் ஆய்வுக் கப்பல்ல இருந்தவன், சார். ஆழம் அளக்கறவன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

கேப்டன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த கிடங்குக்கு அழைத்துப் போனார். கயிற்றுச் சுருள்கள்மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். ஆழம் எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மழுப்பவில்லை. வானொலியைச் சொன்னார், ஐந்து எண்களைச் சொன்னார், 'சரியாத்தான் இருக்கு, சார்' என்றதைச் சொன்னார், இப்போது எழுதும் விழாப் புத்தகத்தையும் சொன்னார்.

கேப்டன் பக்கத்தில் கிடந்த கயிற்றின் பிரிந்த முனையை முறுக்கிவிட்டார். பிறகு கேட்டார்:

"எந்த டீம் ஜெயிச்சுது?"

"என்ன சார்?"

"அந்த ஆட்டத்துல. யாரு ஜெயிச்சா?"

ஆழம் யோசித்துப் பார்த்தார். உண்மையிலேயே ஞாபகம் இல்லை. "தெரியலை, சார்."

"அதுகூடத் தெரியாதா உனக்கு?" கேப்டன் எழுந்து நின்றார். 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "உரிமம் போனதுகூடப் போகட்டும். மொத ரெண்டு மூணு வருஷம், நான் வழி மாறலைன்னு பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை கண் அசந்துட்டேனோ, திசைகாட்டியைத் தப்பாப் படிச்சேனோன்னு. என் மனைவி சாகறதுக்கு முன்னாடி அவகிட்ட சொன்னேன், 'ஆமா, தப்பு என்னோடதுதான் போலிருக்கு'ன்னு. அவ ஒருத்திதான் கடைசி வரைக்கும் என்னை நம்பிக்கிட்டு இருந்தா. அவளையும் நம்பாம ஆக்கிட்டு அனுப்பினேன். இதை நீ எதை வச்சுச் சரி பண்ணுவ?"

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் ஆழம் வந்திருந்தார். இப்போது அந்தச் சொல்லை எடுக்கவே நாக்குக் கூசியது.

"எழுதிக் குடு" என்றார் கேப்டன். "கையெழுத்துப் போட்டு. உன் புத்தகத்துக்கு இல்ல. விசாரணை மன்றத்துக்கு."

அன்றே, அந்தக் கடையின் ரசீதுப் புத்தகத்துக்கு அடியில் இருந்த வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். இரண்டு பக்கம் வந்தது. கேப்டன் எழுத்து எழுத்தாகப் படித்தார். ஓரிடத்தில், "இருபத்தஞ்சு நிமிஷம்னு எழுத்துல போடு, எண்ணால போடாத" என்று திருத்தச் சொன்னார்.

மறுநாள் வரலாற்றின் ஒன்பதாம், பதினான்காம், பதினாறாம் வருடங்களையும் புதிதாக எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தார். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இதை விழாப் புத்தகத்துல போட முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீங்க, மேடம்."

"சொன்னேன்." அவர் குரல் தாழ்ந்தது. "உங்க வாக்குமூலத்தை நானே மன்றத்துக்கு முறைப்படி அனுப்பறேன். அதுல ஒரு வரியையும் நான் தொட மாட்டேன். ஆனா புத்தகம் வேற."

புத்தகம் அந்தப் பக்கங்கள் இல்லாமலே வெளியானது. தன் பெயரைப் போட வேண்டாம் என்று ஆழம் எழுதிக் கொடுத்துவிட்டார். மனைவி மெய்ப்புப் பார்க்க மறுத்துவிட்டதால், அதில் ஏழெட்டுப் பிழையும் இருந்தது. வாத்துக்கு வாத்தியம் முழங்கி, கொடி இறக்கி, மலர் தூவி விடை கொடுத்தார்கள். இவருக்கு அழைப்பு வந்தது. போகவில்லை. அந்த நேரத்தில் மன்றத்தின் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவரை இரண்டு நாள் விசாரித்தார்கள். "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்பதை ஆறு விதமாகக் கேட்டார்கள். ஆறு முறையும் "பயம்" என்ற ஒரே பதிலைத்தான் சொன்னார். சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வேலையிலிருந்தும் முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். பழைய சகாக்களில் சிலர் சாலையில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார்கள். கப்பலின் பெயரைக் கெடுத்துவிட்டானாம். அவர்களைக் குறை சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

எட்டு மாதத்துக்குப் பிறகு திருத்திய தீர்ப்பு வந்தது. கேப்டன்மீது தவறு இல்லை. உரிமம் திரும்பக் கிடைத்தது. எந்தக் கப்பலும் வேலைக்கு எடுக்காத வயதில் கிடைத்த உரிமம் அது. அவர் கடையிலேயே தொடர்ந்தார்.

தீர்ப்பு வந்த வாரம் கேப்டனிடமிருந்து தொலைபேசி. "சனிக்கிழமை மத்தியானம் வா. ஒரு இடத்துக்குப் போகணும்." எங்கே என்று அவர் சொல்லவில்லை. ஆழம் கேட்கவும் இல்லை.

இரண்டு பேருந்து மாறிப் போனார்கள். நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசலில்தான் கேப்டன் சொன்னார்: "இயந்திர அறையில இருந்து மேல வராத ஆளு. அவனோட அக்கா இங்க இருக்காங்க. பள்ளிக்கூடச் சீருடை தைக்கறாங்க. அவனை வளத்ததே இவங்கதான். பதினேழு வருஷமா இந்தப் பக்கம் வர எனக்குத் தைரியம் இல்ல. என்னாலதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

ஆழம் கேப்டனுக்கு இரண்டு படி பின்னால் ஏறினார். மூன்றாம் மாடி. உள்ளே தையல் இயந்திரம் ஓடும் சத்தம். கேப்டன் தட்டியதும் சத்தம் நின்றது. கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு பெண் கதவைத் திறந்தார். கேப்டனை அடையாளம் தெரிந்துகொள்ளச் சற்று நேரமானது. தீர்ப்பின் நகல் அவருக்கும் போயிருந்தது. இன்னொருவர் யார் என்பது சொல்லாமலே விளங்கிவிட்டது.

"வாங்க ஐயா, உள்ள வாங்க" என்று கேப்டனிடம் சொன்னார்.

ஆழத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை, அழவும் இல்லை. ஒரு துணியை வெட்டலாமா வேண்டாமா என்று பார்ப்பதுபோல ஒரு பார்வை. கேப்டன் உள்ளே போனதும் கதவைச் சாத்தினார். தாழ் போடும் சத்தம் கேட்கவில்லை. ஆனால் சாத்தித்தான் இருந்தது.

ஆழம் படியில் உட்கார்ந்தார். மேல்மாடிக்காரர்கள் பையோடு ஏறும்போது எழுந்து வழிவிட்டு, மறுபடி உட்கார்ந்தார். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. ஒரு முறை அந்தப் பெண் உரக்க அழுதது மட்டும் கேட்டது. அப்போது எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. எழுந்துகூட விட்டார். பிறகு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கேப்டன் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. ஆனால் நிமிர்ந்து நடந்தார். இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார்கள்.

"அடுத்த சனிக்கிழமையும் வரச் சொன்னாங்க" என்றார் கேப்டன்.

ஆழம் கேட்டார்: "நானும் வரலாமா, சார்?"

"என்னை மட்டும்தான் சொன்னாங்க."

கேப்டனுடைய பேருந்து முதலில் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். ஆழம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார், எதையும் விடாமல். மனைவி கேட்டுவிட்டுத் தட்டை எடுத்து வைத்தார்.

அடுத்த சனிக்கிழமையும் அவர் போனார். அதற்கடுத்த சனிக்கிழமையும். கேப்டன் உள்ளே போவார். இவர் மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்திருப்பார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.